மண்ணுக்குள் மறைந்த குகைகள்

1981-ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்து வின்டர் பார்க் நகரில், ஒரு வீட்டையும் நீச்சல் குளத்தின் ஒரு பகுதியையும் சில மோட்டார் கார்களையும் விழுங்கி, ஏறக்குறைய நூறு மீட்டர் அகலத்துக்குப் பூமி உள்வாங்கிற்று. யுகயுகமாக மழைநீர் கரைத்த சுண்ணாம்புப் பாறையில் குகைகள் விளைந்திருப்பதும், அவற்றின்மேல் களிமண்ணும் மணலும் போர்வைபோலப் படிந்து நிலத்தைச் சமதரையாகக் காட்டுவதுமே இத்தகைய விபத்துக்களின் காரணம்.

தோண்டாமலே இவ்வந்தரங்கத்தை அறிய, பூபௌதிக விஞ்ஞானிகள் தரையில் வரிசையாக உலோக முளைகளை அடித்து, இரண்டின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி, வேறிரண்டின் இடையே தோன்றும் மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். ஈரக் களிமண் மின்சாரத்தை எளிதில் கடத்துகிறது, கெட்டிப் பாறை தடுக்கிறது, காற்று நிறைந்த குகையோ அதனினும் மிகுதியாகத் தடுக்கிறது. 1912-இல் பிரான்சில் கான்ராட் ஷ்லம்பர்கர் தொடங்கிய பரீட்சைகளின் வழிவந்தது இம்முறை. இத்தகைய பிரதேசங்களில் வீடெழுப்புவோர் அஸ்திவாரத்துக்கு முன்பே இதைச் செய்தாக வேண்டுமென்பது என் உறுதியான எண்ணம்.

ஆயினும் நீர் நிரம்பிய குகை களிமண்ணைப்போலவே தோற்றமளிக்கக்கூடும்; இதற்கெனத் தரைக்குள் அனுப்பப்படும் ரேடார் அலைகளோ மணலில் நன்கு ஊடுருவினும் களிமண்ணில் சீக்கிரமே அடங்கிவிடுகின்றன. ஆகவே, வெற்றிடத்தின்மேல் புவியீர்ப்பு அணுவளவு குறைவதையும் சூக்ஷ்மக் கருவியால் அளந்து, சந்தேகத்துக்குரிய இடங்களில் மட்டும் துளையிட்டு நிச்சயப்படுத்திக்கொள்கிறார்கள்.