டிக்... டிக்... டிக்!

இங்கிலாந்தின் அபிங்டன் நகரில், 1962 முதல் 1980 வரை தயாரான ஸ்போர்ட்ஸ் கார், எம்.ஜி.பி. இன்றும் பலர் ஆசையாக ஓட்டுகின்றனர். வழியில் மக்கர் செய்தால், கோளாறைச் சொல்ல இதில் கம்ப்யூட்டர் கிடையாது. காதும் கண்ணும்தான்!

சாவியைத் திருப்பியதும், பின்சக்கரத்தின் பக்கத்தில் இருந்து, 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கும். அது பெட்ரோல் பம்ப். கார்புரேட்டர் நிரம்பியதும் சத்தம் அடங்கிவிடும். சத்தமே வராவிட்டால், பம்ப்பை லேசாக ஒரு தட்டு தட்டுவார்கள். சில சமயம் ஓடத் தொடங்கிவிடும்! விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால்? எங்கோ பெட்ரோல் கசிகிறது. அல்லது, டேங்க் காலி! (அதைப் பார்க்காமல் இன்ஜினைப் பிரித்தால் எப்படி இருக்கும்?)

பம்ப் சரியாக இருந்தும் கிளம்பவில்லையா? ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கை மெக்கானிக் கழற்றுவார். (நீங்கள் தொடாதீர்கள், பெட்ரோல் பக்கத்தில் தீப்பொறி, ஆபத்து!) பிளக் காய்ந்திருந்தால், பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால், பெட்ரோல் வருகிறது, தீப்பொறிதான் இல்லை.

அடுத்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறப்பார். உள்ளே, 'பாயிண்ட்' என்ற இரு குட்டி முனைகள். அவை பிரியும்போதெல்லாம் ஒரு தீப்பொறி பிறக்கும். இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர்தான்! முனைகள் கருகியிருந்தால், உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்வார். மறுபடி சாவியைத் திருப்பினால்... டிக், டிக், டுர்ர்ர்!