எந்த ஆட்டம் சோறு போடும்?

காயல்பட்டினத்தில் பந்து என்றால் கால்பந்துதான். ஐக்கிய விளையாட்டுச் சங்க மைதானத்தில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி நடக்கும் நாட்களில் ஊரில் வேறு பேச்சே கிடையாது. எங்களில் சிலருக்குக் காக்கா, சிலருக்கு அண்ணன். யாராயிருந்தாலும் இராச்சோற்றுக்கு உட்கார்ந்தால் யார் கோல் போட்டார், யார் கோட்டை விட்டார் என்பதே வழக்கு. கேட்டுக் கேட்டு எங்களுக்கும் ஆட்டத்தின் நுட்பங்கள் அத்துப்படி. ஆனால் பெண்பிள்ளை ஒருத்தி, "நான் விளையாடியே சம்பாதிக்கப் போகிறேன்" என்றால் வீட்டில் எழும் முதற்கேள்வி, "அது சோறு போடுமா?" என்பதுதான். பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இந்த ஆண்டு மலருக்காக அதையே எடுத்துக்கொண்டு கணக்குப் பார்த்தோம்.

வழக்கமாக எல்லாரும் உச்சியில் இருப்பவரின் வருமானத்தைப் பார்த்து மயங்குவார்கள். நாங்கள் கடைசியில் இருப்பவரைப் பார்க்க விரும்பினோம். ஓர் ஆட்டத்தில் எத்தனை பெண்களுக்குச் சம்பளம் உண்டு? அவர்களுள் கடைசிப் பெண்ணுக்கு என்ன கிடைக்கும்? முழங்கால் போய்விட்டால் அவள் கதி என்ன?

பணம் என்று பார்த்தால் இன்று நம் நாட்டில் கிரிக்கெட்டை மிஞ்ச ஆட்டமில்லை. 2022 முதல் இந்திய அணிக்கு ஆடும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஆட்டக்கட்டணம் ஒன்றுதான்: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், இருபது ஓவர் ஆட்டத்துக்கு 3 லட்சம் ரூபாய். 2023இல் பெண்கள் பிரிமியர் லீக் தொடங்கியபோது ஸ்மிருதி மந்தனா 3 கோடியே 40 லட்சத்துக்கு ஏலம் போனார். 2024 டிசம்பர் ஏலத்தில் மதுரைப் பெண் கமலினி 16 வயதில் 1 கோடியே 60 லட்சம் பெற்றார். இதைப் படித்தவுடன் மட்டையைத் தேடி ஓட வேண்டாம், சகோதரிகளே! லீக் தொடங்கியபோது இருந்த அணிகள் ஐந்து. அணிக்கு அதிகபட்சம் 18 பேர். அதில் 6 பேர் வெளிநாட்டவராக இருக்கலாம். அப்படியானால் இந்தியப் பெண்களுக்கு உறுதியான இடம் 60தான். அந்த அறுபதாவது பெண்ணுக்கும் குறைந்தது 10 லட்சம் உண்டு என்பது உண்மை. ஆனால் அறுபத்தோராவது பெண்?

டென்னிசின் பெருமை வேறு. அமெரிக்க ஓபன் போட்டியில் 1973இலேயே பெண்களுக்கும் சமப் பரிசுத்தொகை வந்துவிட்டது. விம்பிள்டனுக்கு அந்த ஞானம் 2007இல்தான் வந்தது. ஆனால் டென்னிசில் மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. விமானக் கட்டணம், விடுதி வாடகை, பயிற்சியாளர் ஊதியம் எல்லாம் ஆடுபவரின் கைப்பணம். கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓபனில் முதற்சுற்றில் வென்று பெயர் பெற்றார். அவரும் உலகத் தரவரிசையின் முதல் நூற்றுக்குள் வந்ததில்லை. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இந்தக் கணக்குக் கட்டுப்படியாகாது.

சமப் பரிசு என்றதும் சென்னையின் தீபிகா பல்லிக்கலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்குவாஷ் தேசியப் போட்டியில் ஆண்களுக்குக் கூடுதல் தொகை தருகிறார்கள் என்று 2012 முதல் நான்கு ஆண்டுகள் அவர் அதில் ஆடவே மறுத்தார். 2016இல் தொகை சமமானது. திரும்பி வந்தார், பட்டத்தையும் வென்றார். சண்டை போடாமல் சாதித்த இந்தச் செய்தியை வகுப்பில் படித்தபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

நீண்ட நாள் நிலைப்பது சதுரங்கம். அது விளையாட்டே அல்ல என்று சிலர் சொல்வார்கள். மானுவேல் ஆரோனுக்கு 1961லேயே அர்ஜுனா விருது கொடுத்தாகிவிட்டது. கொனேரு ஹம்பி 2002இல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர். ஒரு பெண் குழந்தைக்குத் தாயான பின், 2024இல் 37 வயதில் உலக அதிவேகச் சதுரங்கப் பட்டத்தை இரண்டாம் முறை வென்றார். முழங்கால் போனாலும் ஆடலாம்!

கபடியில் மனம் நோகிறது. ஆண்களுக்கு 2014இல் தொழில்முறை லீக் வந்தது. பெண்களுக்கு 2016இல் மூன்றே அணிகளை வைத்து ஒரு போட்டி நடத்தினார்கள், அது தொடரவில்லை.

இனி நம் கால்பந்து. பெண்கள் தேசிய லீக்கில் ஓர் அணி குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாயாவது தரவேண்டும் என்று 2023இல் கால்பந்துச் சம்மேளனம் அறிவித்தது. கமலினியின் ஏலத் தொகையில் இது ஐம்பதில் ஒரு பங்கு. மேலும், பெண்களுக்கு முழங்கால் ஜவ்வு கிழியும் ஆபத்து ஆண்களைவிட அதிகம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்படியிருந்தும் எங்கள் ஓட்டு கால்பந்துக்கே. ஊர்ப்பாசத்தால் மட்டும் அல்ல. கடலூர் இந்துமதி கதிரேசனைப் பாருங்கள். மதுரை சேது அணியிலும் இந்திய அணியிலும் நடுக்களத்தில் ஆடியவர். அந்த சேது அணி 2019இல் தேசிய லீக்கையே வென்றது. ஆனால் இந்துமதிக்கு நிரந்தர ஊதியம் தந்தது தமிழகக் காவல்துறை; அங்கே அவர் உதவி ஆய்வாளர்.

பெற்றோர் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறோம். நம் நாட்டில் பெரும்பாலான வீராங்கனைகளுக்குச் சோறு போட்டது லீக்கோ ஏலமோ அல்ல, ஆட்டத்தால் கிடைத்த உத்தியோகம். பி.டி. உஷா தெற்கு ரயில்வே அதிகாரியாக இருந்தவர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து 1999 முதல் 2022 வரை இந்தியாவுக்குக் கிரிக்கெட் ஆடிய மிதாலி ராஜும் ரயில்வேயில் பணியாற்றியவர்தான். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆகவே எங்கள் கணக்கில் முந்தி நிற்பது, ஆடும்போது கொஞ்சம் பணமும் ஆடி முடித்தபின் ஒரு வேலையும் தரும் ஆட்டம். இங்கே மைதானமும், பந்தைப் பற்றிப் பேச ஆளும் ஏற்கனவே இருப்பது கூடுதல் வசதி.

தங்கைமாருக்கு ஒரு தகவல். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாணவியருக்கென்று விளையாட்டு விடுதிகள் நடத்துகிறது. தங்குமிடம், உணவு, பயிற்சி எல்லாம் உண்டு. 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் சேர்வோருக்கு ஆண்டுதோறும் தேர்வு நடக்கும். மாவட்ட, மாநிலப் போட்டிச் சான்றிதழ்களை ஒன்று விடாமல் பத்திரப்படுத்துங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பது அவற்றைத்தான்.