எழும்பச் சொன்னவனே அடங்கவும் சொன்னான்

பிள்ளையின் கன்னத்தில் சிவப்பு மச்சம் எழும்பினால், கிரகணத்தன்று தாய் கைவைத்த இடம் என்று சொல்லும் பாட்டிகள் ஓமலூர்ப் பக்கம் உண்டு. பெற்றவள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அது ரத்தக்குழாய்களே கூடி எழுப்பும் கட்டி. மருத்துவர்கள் ஹெமாஞ்சியோமா என்பார்கள். நூறு குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு வருகிறது. பெண் குழந்தைகளுக்கும் குறைமாதப் பிள்ளைகளுக்கும் கூடுதல்.

பிறந்த அன்று பெரும்பாலும் கண்ணுக்கே படாது. சில வாரங்களில் சிவந்து புடைக்கும். ஐந்து மாதத்துக்குள் முக்கால்வாசிக்கு மேல் வளர்ந்துவிடும். பிறகுதான் அந்த அற்புதம். ஒரு வயதை ஒட்டி, யாரும் தொடாமலே, கட்டி திரும்பிப் போகத் தொடங்குகிறது. சிவப்பின் நடுவே சாம்பல் படர்கிறது. குழாய்ச் செல்கள் தாமே மடிய, அங்கே கொழுப்பு வந்து நிரம்புகிறது. எழும்பச் சொன்னவனே அடங்கும் நாளையும் குறித்து அனுப்பியிருக்கிறான்! அந்தச் செல்களில் உள்ள குளூட்-1 என்ற புரதம் நஞ்சுக்கொடியின் குழாய்களிலும் இருக்கிறது என்று 2000-இல் கண்டபோது, ஆராய்ந்தவர்களே வியந்திருப்பார்கள். கருவில் பிள்ளையைத் தாயோடு பிணைத்திருந்த உறுப்பின் சாயல், பிள்ளையின் முகத்தில்.

ஆனால் எல்லாக் கட்டியும் அந்த நாள்வரை பொறுக்காது. இமையை மூடினால் பார்வை மங்கும், உதட்டில் புண்ணாகும், தாடைப் பக்கம் பரவினால் மூச்சுக்குழலிலும் இருக்கலாம். தோலில் ஐந்து, அதற்கு மேல் தெரிந்தால் ஈரலையும் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

இதற்கான மருந்து நம் கையிலேயே பல காலம் இருந்தது. ஜேம்ஸ் பிளாக் 1960-களில் இதயத்துக்காக உருவாக்கிய புரோபிரனலால். பிரான்சின் போர்தோ நகரில், மூக்கில் கட்டியோடு இருந்த ஒரு குழந்தைக்கு இதயக் கோளாறுக்காக அதைக் கொடுத்தார்கள். மறுநாளே கட்டியின் நிறம் மாறியது, மெத்தென்று ஆனது. கிறிஸ்டின் லெயோத்தே-லப்ரேஸ் குழுவினர் 2008-இல் அதை உலகுக்குச் சொன்னார்கள். தேடாமல் கிடைத்ததை அருள் என்றே நான் சொல்வேன்.

மருந்து நன்றாக வேலை செய்வது கட்டி வளரும் காலத்தில்தான். ஆகவே முகத்தில் சிவப்பு கண்டால் முதல் மாதத்திலேயே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு பஸ் ஏறிவிடுங்கள். மருந்து தரச் சொன்னால், பால் குடித்த பிள்ளைக்கே கொடுக்க வேண்டும்; வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். வாந்தி எடுத்தாலோ பால் மறுத்தாலோ அந்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள்.