நாலரை மணிப் பசி

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல். பின்கட்டில் என் அக்கா தன் மகளைக் குனியவைத்து, கழுத்தின் பின்புறத்தைப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் பத்து வயது. கழுத்தைச் சுற்றிக் கரும்பட்டையாக ஒரு கறை. வெல்வெட் துணிபோலத் தடித்திருந்தது. சீயக்காய் போட்டாயிற்று, கடலைமாவு போட்டாயிற்று, எலுமிச்சைத் தோலையும் விட்டுவைக்கவில்லை. "எப்படித் தேச்சாலும் இந்த அழுக்கு போகமாட்டேங்குதுடி" என்றாள் என்னிடம். தோல் சிவந்துபோயிருந்தது. பிள்ளை வாளியின் விளிம்பைப் பிடித்தபடி வாயே திறக்கவில்லை.

அது அழுக்கே இல்லை என்று அடுத்த வாரம் குழந்தை மருத்துவர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார். இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படாதபோது கணையம் அதை இன்னும் இன்னும் சுரக்கிறது. அப்படி மிகுந்துபோன இன்சுலின் தோலின் செல்களைத் தூண்டிவிடுவதால் கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுக்கிறது. எடை கூடிய பிள்ளைகளிடம் இதைப் பார்த்தால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு இருக்கிறதா என்று உடனே பரிசோதிக்க வேண்டும். சோப்புக்கு இது போகாது. எடை சீராகும்போது மெல்ல மங்கும். எத்தனை வீட்டுப் பின்கட்டில் எத்தனை பிள்ளைகளின் கழுத்து இப்படிப் புண்ணாகிறதோ என்று அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை எனக்கு.

என்ன சாப்பிடுகிறாள் என்று மருத்துவர் அக்காவிடம் கேட்கவில்லை. பிள்ளையிடம் திரும்பி, "எப்பம்மா சாப்பிடணும்போல இருக்கும் உனக்கு?" என்றார். அவள் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வேன்ல பசங்க கத்துன அன்னைக்கு."

பள்ளி வேனில் அவளுக்கு "ரோடு ரோலர்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாலரை மணிக்கு வீட்டுக்கு வருவாள். அக்காவும் மாமாவும் வேலை முடிந்து வர ஏழாகும். டிவியைப் போட்டுவிட்டு மிக்சர் டப்பாவை மடியில் வைத்துக்கொள்வாள். வயிறு நிறைந்த பிறகும் கை நிற்காது. காலி பாக்கெட்டுகளைப் பள்ளிப் பைக்குள் ஒளித்து வைப்பாள். அக்கா கண்டுபிடித்துத் திட்டுவாள். திட்டு வாங்கிய துக்கத்துக்கு இன்னொரு பாக்கெட்.

வயிற்றுப் பசி மெல்ல வரும். அதற்கு இட்லியும் சரி, பழைய சோறும் சரி. மனசின் பசி சட்டென்று வரும். மொறுமொறுப்பையோ இனிப்பையோ பெயர் சொல்லிக் கேட்கும். தின்று முடித்ததும் குற்ற உணர்வை விட்டுவிட்டுப் போகும். உண்மையில் மனம் கலங்கும்போது வயிறு அடைத்துக்கொள்வதுதான் உடம்பின் இயல்பு. அழுகிற குழந்தைக்குச் சோறு இறங்காது என்று பாட்டிகளுக்கே தெரியும். அப்படியானால், அழுகை வந்தால் டப்பாவைத் தேடும் பழக்கம் எங்கிருந்து வருகிறது?

நார்வேயின் ட்ரொன்ஹெய்ம் நகரில் சுமார் 800 குழந்தைகளை நான்கு வயதிலிருந்து பத்து வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். அழுகையை அடக்கவும் அடம்பிடிப்பதை நிறுத்தவும் எந்த வீட்டில் தீனி கொடுத்தார்களோ, அந்த வீட்டுப் பிள்ளைகளிடமே பிற்பாடு மனக்கலக்கத்துக்குத் தின்னும் பழக்கம் கூடுதலாக இருந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் நான்கு வயது இரட்டைக் குழந்தைகளை வைத்து ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவும் இதையே சொல்கிறது: இந்தப் பழக்கத்தில் பரம்பரையின் பங்கு மிகக் குறைவு, வீட்டுச் சூழலின் பங்கே அதிகம்.

என் அக்கா மகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. தடுப்பூசி போட்ட அன்று அவள் வாயில் சாக்லேட்டைத் திணித்தது நான்தான். "அழாத கண்ணு, சித்தி வாங்கித் தரேன்." கீழே விழுந்தால் பிஸ்கட், நல்ல மார்க் வாங்கினால் கேக், மார்க் குறைந்து முகம் வாடினால் ஐஸ்கிரீம். தட்டைக் காலி செய்தால் "சமத்து", போதும் என்றால் "இன்னும் ஒரே ஒரு வாய்." பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. பசியைப் பார்த்து வளர்ந்த தலைமுறைகளுக்கு ஊட்டுவதுதான் பாசம். கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளைதான் ஆரோக்கியம். ஆனால் அன்று ஊட்டியது பருப்பு சாதம். இன்று கைக்கு எட்டுவது பெட்டிக்கடை வாசலில் சரம்சரமாகத் தொங்கும் பாக்கெட்.

இது பணக்கார வீட்டுப் பிரச்சினை என்ற எண்ணமும் இனிப் பொருந்தாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் 5 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் 39 கோடிக்கும் மேற்பட்டோர் கூடுதல் எடையுடன் இருந்தார்கள். அவர்களில் 16 கோடிப் பேருக்கு உடல் பருமன். நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட கூடுதல் எடைக் குழந்தைகள் நான்காவது தேசிய குடும்ப நல ஆய்வில் 2.1 சதவீதம், ஐந்தாவது ஆய்வில் (2019-21) 3.4 சதவீதம். அதே ஆய்வில் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் 35.5 சதவீதம். ஒரே தெருவில் ஒரு பிள்ளைக்குச் சத்து போதவில்லை, இன்னொரு பிள்ளைக்குச் சத்தில்லாத கலோரி மிஞ்சுகிறது. காலையில் எதுவும் சாப்பிடாமல் ஓடிவரும் பிள்ளைதான் மாலையில் கண்டதையும் தின்னும். அந்த வகையில் 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் சூடான உப்புமாவும் பொங்கலும் இந்தச் சிக்கலுக்கும் ஒரு மருந்துதான்.

குழந்தைப் பருவத்தில் ஏறும் எடையால் வரக்கூடியவை பல: கல்லீரலில் கொழுப்பு, உயர் ரத்த அழுத்தம், தூக்கத்தில் குறட்டையும் மூச்சுத் தடையும், மூட்டு வலி, பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய்க் கோளாறு, இளம் வயதிலேயே இரண்டாம் வகை நீரிழிவு. இவற்றை மருத்துவர் சோதித்துச் சொல்லிவிடுவார். எடையைப் பெரியவர்களுக்கான அட்டவணையை வைத்து வீட்டில் முடிவு கட்டக் கூடாது. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடம் இருக்கிறது, இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்டது. எந்தச் சோதனையிலும் தெரியாத சேதம் ஒன்று உண்டு. "குண்டு", "பூசணிக்கா" என்று நாள்தோறும் கேட்கும் பிள்ளை, தன் உடம்பைத் தானே வெறுக்கத் தொடங்குவது. கேலி செய்தால் ரோஷம் வந்து இளைப்பாள் என்பது பெரிய பொய். கேலிக்கு ஆளாகும் பிள்ளைகளுக்கு எடை மேலும் கூடுகிறது என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. விளையாட்டு மைதானத்துக்குப் போக வெட்கம், தனிமை, மறுபடி டப்பா.

இந்தக் கேலியைச் சட்டமும் சும்மா விடவில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு, பள்ளியில் எந்தக் குழந்தையையும் உடலால் தண்டிக்கவோ மனத்தால் துன்புறுத்தவோ கூடாது என்கிறது. வகுப்பின் முன் நிறுத்தி, "உன் சைஸுக்கு ரெண்டு பெஞ்சு வேணும்" என்று ஓர் ஆசிரியர் சொன்னால் அது நகைச்சுவை ஆகாது, மனத் துன்புறுத்தல். சக மாணவர்கள் செய்யும் கேலியைத் தடுப்பதும் பள்ளியின் பொறுப்பு. முதலில் தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள், ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பயனில்லையென்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098, மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் என்று வழிகள் உண்டு. அதே சட்டத்தின் அட்டவணையில் விளையாட்டு மைதானமும் பள்ளிக்கு இருந்தாக வேண்டிய ஒன்று. விளையாட்டு பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் பள்ளியிடம், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது ஓடியாடும் அசைவு தேவை.

பள்ளி வாசலுக்கு வருவோம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் கொண்டுவந்த பள்ளிக் குழந்தைகள் உணவு ஒழுங்குமுறைப்படி, கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி கேன்டீனிலோ விடுதியிலோ வளாகத்திலோ பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள் விற்கவும் விளம்பரப்படுத்தவும் கூடாது. அந்தக் கம்பெனிகளின் சின்னத்தை நோட்டிலும் விளையாட்டு விழாப் பலகையிலும் போடுவதும் இதில் அடங்கும். தில்லி உயர் நீதிமன்றத்தில் 2010இல் ஒரு தன்னார்வ அமைப்பு தொடுத்த பொதுநல வழக்கிலிருந்து பிறந்த விதி இது. பத்தாண்டு போராடிக் கிடைத்த 50 மீட்டர். உங்கள் பிள்ளையின் பள்ளி வாசலில் நின்று ஒருமுறை நடந்து பாருங்கள். பெரிய எட்டு வைத்தால் அறுபது, எழுபது காலடிதான் வரும். அதற்குள் எத்தனை சரம் தொங்குகிறது என்று எண்ணுங்கள். வாசலில் கொய்யாக்காயும் வேகவைத்த கடலையும் விற்கும் அம்மாவை விரட்ட இந்த விதியைக் கையிலெடுக்க வேண்டாம். பள்ளிக்குள் குளிர்பானப் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்துபவர்களிடம் கேளுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் நேரிலோ, ஆணையத்தின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியிலோ படத்துடன் புகார் கொடுக்கலாம்.

விளம்பரம் இன்னும் தந்திரமானது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022 ஜூனில் வந்த வழிகாட்டுதல்கள், சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றைக் குழந்தைகள் நிகழ்ச்சியின் இடையிலோ குழந்தைகளுக்கான சேனலிலோ விளம்பரப்படுத்தத் தடை விதிக்கின்றன. இதைக் குடித்தால் அறிவு வளரும், உடல் திறன் கூடும் என்று தக்க ஆதாரமின்றிச் சொல்லவும் கூடாது. மீறினால் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் போடலாம். புகாருக்கு 1915. "ஹெல்த் டிரிங்க்" என்ற சொல்லுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விளக்கமே கிடையாது; 2024 ஏப்ரலில் இணைய விற்பனைத் தளங்கள் அந்தப் பெயரின் கீழ் பானங்களை வகைப்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்தியது. டப்பாவின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை உள்ள குளிர்பானம் 300 மில்லி குடித்தால் 33 கிராம். ஆறு தேக்கரண்டிக்கு மேல். நாளுக்கு 1,600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல்வரம்பே 40 கிராம்தான். 20க்குள் இருந்தால் நல்லது என்கிறது.

கவலையில் இருக்கும் பெற்றோரைத் தேடி இன்னொரு கூட்டம் வரும். ஒரு மாதத்தில் பத்து கிலோ, பக்கவிளைவே இல்லை, பொடி, தேநீர், பெல்ட். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் அட்டவணையில் உடல் பருமனும் இருக்கிறது. பருமனைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதே குற்றம். வளரும் பிள்ளைக்கு அந்தப் பொடியைக் கலக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

உண்மையான மருத்துவம் மெதுவானது. பெரும்பாலான சிறு பிள்ளைகளுக்கு எடையைக் குறைக்கவே வேண்டியதில்லை. எடை அப்படியே நிற்க, உயரம் வளர்ந்து ஈடுகட்டும். ஒரு பிள்ளைக்கு மட்டும் கேழ்வரகுக் களி, அண்ணனுக்குப் பரோட்டா என்றால் அது தண்டனை. முழு வீடும் மாற வேண்டும். மிக்சர் டப்பாவைப் பூட்டி வைத்தால் ஆசை கூடும். வாங்காமல் இருப்பதே வழி. இரவு ஒன்பதரைக்குள் விளக்கை அணையுங்கள். தூக்கம் குறைந்த பிள்ளையின் உடம்பில் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது, போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறைகிறது. பள்ளிகளுக்கு வரும் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு பரிசோதித்து எழுதித் தரும் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பிள்ளை ஒளிந்து சாப்பிட்டால், சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுத்தால், பள்ளிக்குப் போகவே மறுத்தால், அதற்கு உணவுப் பட்டியல் போதாது. மனநல உதவி வேண்டும். 104இலும் 14416இலும் இலவசமாகப் பேசலாம்.

அக்கா வீட்டில் பீர்க்கங்காய் நார் இப்போது பாத்திரம் தேய்க்கப் போய்விட்டது. பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். வேனில் ஓர் ஆயா வந்தார். மேல்தட்டில் மிக்சருக்குப் பதில் பொட்டுக்கடலை, வாழைப்பழம். சாயங்காலம் வந்ததும் எனக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறோம். முதல் சில நாள் "ஒண்ணுமில்ல சித்தி" என்று வைத்துவிடுவாள். போன வாரம் ஒருநாள் இருபது நிமிடம் பேசினாள். எவன் என்ன சொன்னான், இவள் என்ன திருப்பிச் சொன்னாள், டீச்சர் யார் பக்கம் பேசினார், எல்லாம். நடுவில் கொஞ்சம் அழுதாள். நான் எதுவும் வாங்கித் தருவதாகச் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "சித்தி, இப்பதான் பசிக்குது, போய்ச் சாப்பிடப் போறேன்" என்று போனை வைத்தாள்.