தீர்ந்துவிடக் கூடாத கணக்கு

ஆடி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பக்கமும், தஞ்சாவூர் மாவட்டத்தில் பேராவூரணி பக்கமும் மண்டபங்களுக்கு ஓய்வே இருக்காது. கல்யாணமோ காதுகுத்தோ அல்ல, அங்கே நடப்பது மொய் விருந்து. பலர் கூட்டாகச் சேர்ந்து, செலவைப் பகிர்ந்துகொண்டு, ஊரை அழைத்துக் கறிச்சோறு போடுவார்கள். வந்தவர்கள் சாப்பிட்டு முடித்து, யார் யாருக்கு மொய் செய்ய வேண்டுமோ அவரவர் நோட்டில் தொகையைக் கட்டிப் பெயரை எழுதிவிட்டுப் போவார்கள். பணம் எண்ணும் இயந்திரமும் கணினி ரசீதும்கூட இப்போது வந்துவிட்டன. ஒரே நாளில் சேரும் லட்சங்கள் வீடு கட்டவும், ஆழ்குழாய்க் கிணறு போடவும், பிள்ளைகளின் படிப்புக்கும் போகின்றன. வட்டி இல்லை, அடமானம் இல்லை, பத்திரமும் இல்லை.

ஒரு குடும்பம் பொதுவாக ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் விருந்து வைக்கும். இடையில் உள்ள ஆண்டுகளில், தனக்குச் செய்தவர்களின் விருந்துகளுக்குப் போய்த் திருப்பிச் செய்தாக வேண்டும். நுட்பம் இங்கேதான் இருக்கிறது. 5,000 ரூபாய் வாங்கியவர் அதோடு இன்னும் 2,000 சேர்த்து 7,000 ஆக எழுதினால், பழைய கடன் அடைபடுகிறது. புதிதாக 2,000 ரூபாய் எதிர்த்தரப்பின் மேல் ஏறுகிறது. அதைத் திருப்ப அவர் மறுபடி வந்துதான் தீர வேண்டும். வாங்கிய 5,000-ஐ மட்டும் எழுதிவிட்டு எழுந்தால், இந்தப் போக்குவரத்து இத்துடன் போதும் என்று சொல்லாமல் சொன்னதாகிவிடும்.

கணக்கைத் தீர்க்காமல் வைத்திருப்பதே உறவைக் காப்பது என்ற இந்த ஏற்பாடு வேறு கடற்கரைகளிலும் உண்டு. பாப்புவா நியூ கினியின் கிழக்கே உள்ள டிராப்ரியாண்ட் தீவுகளில் முதல் உலகப் போர்க் காலத்தில் தங்கியிருந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, ‘கூலா’ என்ற பரிமாற்றத்தைப் பற்றி 1922-இல் எழுதினார். சிவப்புச் சிப்பி மாலைகள் தீவு தீவாக வலமாகச் சுற்றும். வெண்சங்கு வளைகள் இடமாகச் சுற்றும். மாலை வாங்கியவர் வளை கொடுக்க வேண்டும். இதில் பேரம் பேசுவது அநாகரிகம். பேரம் பேசி நடக்கும் சாதாரணப் பண்டமாற்றுக்கு வேறு பெயரே வைத்திருந்தார்கள். கைமாறு உடனே வர வேண்டியதில்லை. ஆனால் கைக்கு வந்ததை யாரும் நெடுநாள் பூட்டி வைத்துக்கொள்ளவும் கூடாது. பெரும்பாலும் அணிவதற்குக்கூடப் பயன்படாத இந்தப் பொருள்களுக்காக அவர்கள் படகு கட்டி ஆபத்தான கடலைக் கடந்தார்கள். கடலுக்கு அப்பால் நம்பிப் போய் இறங்க ஒரு கூட்டாளி கிடைத்ததுதான் அதில் கண்ட லாபம்.

இப்படிப் பல சமூகங்களின் செய்திகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ், 1925-இல் வெளிவந்த தம் ஆய்வில் மூன்று கடமைகளைக் குறிப்பிட்டார்: கொடுப்பது, கொடுப்பதை மறுக்காமல் வாங்குவது, திருப்பிச் செய்வது. மொய் வைக்க வந்தவரிடம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தவர்களுக்கு நடுவில் உள்ள கடமையின் கனம் தெரியும்.

மனிதருக்கு மட்டும் உரிய பழக்கமும் அல்ல இது. தென், மத்திய அமெரிக்காவில் வாழும் ரத்தம் குடிக்கும் வௌவால்கள் இரண்டு மூன்று இரவு இரை கிடைக்காவிட்டால் செத்துவிடும். பசித்து வந்த வௌவாலுக்குப் பக்கத்தில் தொங்குவது தான் குடித்ததைக் கக்கி ஊட்டும். ஜெரால்ட் வில்கின்சன் 1984-இல் இதை வெளியிட்டார். இரத்த உறவைவிட, முன்பு தனக்கு ஊட்டியதா என்பதே யாருக்கு ஊட்டுவது என்பதை அதிகம் தீர்மானிக்கிறது என்று பின்னாளில் அவரும் ஜெரால்ட் கார்ட்டரும் காட்டினார்கள்.

வாங்கியதற்குத் திருப்பிச் செய்யும் இந்த விதி கணினியிலும் வென்றது. அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்சல்ராட், ஒவ்வொரு சுற்றிலும் ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டிய ஒரு போட்டியைக் கணினி நிரல்களுக்கு இடையே வைத்தார். அதில் வென்றது மிகச் சிறிய நிரல்: முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி செய்ததையே திருப்பிச் செய். ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. அதே விதியில் ஆடும் இருவரில் ஒருவர் தவறுதலாக ஒருமுறை பிசகினால், பழிக்குப் பழி என்று ஆட்டம் முடிவில்லாமல் நீளும். அவ்வப்போது ஒரு பிசகை மன்னித்துவிடும் விதிகள் அத்தகைய சூழலில் நன்றாகத் தாக்குப்பிடித்தன.

பிசகை மன்னிக்க முடியுமா என்ற சோதனை மொய் வட்டாரத்திலும் வந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. அதிலிருந்து எழுவதற்குள் கொரோனா ஊரடங்கு விருந்துகளை நிறுத்தியது. கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கும் முறை தள்ளிப்போனது, வாங்கியவர்கள் கையிலும் காசில்லை. நோட்டில் எழுதிய தொகைக்கு நீதிமன்றம் போக முடியாது. வீடு தேடிப் போய்க் கேட்பதும் கௌரவக் குறைச்சல். அதனால் வாங்கியவர்தான் எப்படியாவது புரட்ட வேண்டியிருக்கிறது. ஆடியில் ஒரே வாரத்தில் பல அழைப்பிதழ் வந்துவிட்டால் சிறு விவசாயி நகையை அடகுக்கடைக்கு எடுத்துப் போகிறார். வட்டியில்லாமல் வாங்கிய பணம் வட்டிக்கு வாங்கிய பணமாகத் திரும்புகிறது. ஆனாலும் அடுத்த ஆண்டு விருந்து வைக்கும் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது.