கிராங்கை யார்கிட்ட கொடுக்கிறது?

இந்த எபிசோடில் ஒரே ஒரு கேள்விதான். பழைய கார் வெச்சிருக்கீங்க, இன்ஜினைப் பிரிச்சாச்சு, கிராங்க்‌ஷாஃப்ட் கையில இருக்கு. அதை எந்தப் பட்டறையில கொடுக்கிறது?

நான் இதை ஒரு தடவை தப்பா செஞ்சவன். அதனால தெரிஞ்சதைச் சொல்றேன்.

கார் எங்க அப்பாவோடது. 1978 மாடல் அம்பாசிடர், மார்க் 3. எங்க ஊர் இரும்பை. திண்டிவனம் – புதுச்சேரி ரோட்டில், திருச்சிற்றம்பலம் கூட்டு ரோட்டில திரும்பி ஆரோவில் பக்கம் வந்தா, மாகாளேஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். அப்பா பல வருஷம் அந்த வண்டியை டாக்ஸியா ஓட்டினார். இப்போ கண் பார்வை மங்கிடுச்சு, ஓட்டுறதில்லை. வண்டி வீட்டு வாசல்ல நின்னுச்சு. கடைசியா ஓட்டினப்போ மேடு ஏறும்போது அடியில 'டக் டக்'னு கனமான சத்தம். ஆயில் பிரஷரும் குறைஞ்சிருந்தது. கிராங்க் பேரிங் தேய்ஞ்சா வர்ற அடையாளம் இது.

"வேற இன்ஜின் மாத்திடு"ன்னு நிறைய பேர் சொன்னாங்க. ஆனா இன்ஜின் நம்பர் ஆர்.சி.யில இருக்கு, மாத்தினா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அனுமதி வாங்கி, பதிவையும் திருத்தணும். அதைவிட, அப்பாவுக்கு அதே இன்ஜின் சத்தம்தான் வேணும்.

முதல்ல கிராங்க்னா என்னன்னு சுருக்கமா பார்த்துடுவோம். பிஸ்டன் மேலயும் கீழயும் போகுது. அந்த ஓட்டத்தைச் சக்கரத்துக்கு வேண்டிய சுழற்சியா மாத்துற இரும்புத் தண்டுதான் கிராங்க். இந்த அம்பாசிடர்ல இருக்கிறது பி.எம்.சி.யோட 1489 சி.சி. இன்ஜின். அதில் கிராங்க்கை பிளாக்கில தாங்குற இடங்கள் மூணு, அதுக்கு 'மெயின்'னு பேர். கனெக்டிங் ராடு மாட்டுற இடங்கள் நாலு, அதுக்கு 'பின்'. இரும்பும் பேரிங்கும் உரசாம நடுவுல ஒரு ஆயில் படலம் தாங்கிட்டிருக்கும். மெயின்ல வர்ற ஆயில், கிராங்க்குக்கு உள்ளேயே இருக்கிற துளை வழியா பின்னுக்குப் போகும். இந்தத் துளையை ஞாபகம் வெச்சுக்கோங்க.

தேய்ஞ்ச கிராங்க்கைக் கிரைண்டிங் மெஷின்ல கொஞ்சம் சீவி வட்டமாக்கி, அந்த அளவுக்குத் தடிமனான பேரிங் போடுவாங்க. பட்டறையில 'பத்து, இருபது, முப்பது, நாப்பது'ன்னு சொல்றது இதைத்தான். பத்துன்னா ஒரு இன்ச்சில ஆயிரத்தில் பத்து பங்கு, அதாவது கால் மில்லிமீட்டர். மெயினோட ஒரிஜினல் விட்டம் 2 இன்ச். இருபது அடிச்சா 1.980. ஆக மொத்தம் நாலு வாய்ப்பு. நாப்பது தாண்டினா பேரிங் கிடைக்கிறது கஷ்டம். வெல்டிங் வெச்சு ஏத்தலாம், ஆனா அதில தண்டு வளையவும் விரிசல் விடவும் வாய்ப்பு இருக்கு.

எங்க கிராங்க் ஏற்கெனவே பத்துல இருந்தது. நான் போன முதல் பட்டறையில யாரும் மைக்ரோமீட்டரையே எடுக்கல. "செட்டா இருபது அடிச்சுடலாம்"னாங்க, தலையாட்டினேன். ரெண்டே நாள்ல வேலை முடிஞ்சுது, பளபளன்னு இருந்தது. மாட்டி 600 கிலோமீட்டர் ஓடல, பழைய சத்தம் திரும்ப வந்துடுச்சு. பிரிச்சுப் பார்த்தா மெயின் நல்லா இருக்கு, நாலு பின்லயும் ஆழமா கீறல். கிரைண்டிங் தூள் அந்த ஆயில் துளைக்குள்ளேயே தங்கிடுச்சு. ஆயில் ஓட ஆரம்பிச்சதும் நேரா பின்னுக்குப் போயிடுச்சு. பட்டறையை மட்டும் குறை சொல்ல முடியாது. துளையைக் கழுவினீங்களான்னு நானும் கேட்கல, மாட்டுறதுக்கு முன்னாடி நானும் கழுவல.

இனி முப்பதும் நாப்பதும்தான் மிச்சம். இந்தத் தடவை தேடின விதமே வேற.

முதல் தடவை 'கிளாசிக் கார் தெரிஞ்ச ஆள்' யாருன்னு தேடினேன். அது தேவையில்லை. கிரைண்டிங் மெஷினுக்கு அம்பாசிடரும் டிராக்டரும் ஒண்ணுதான். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் லாரி, டிராக்டர் இன்ஜின் வேலையை நம்பியே பட்டறைகள் ஓடுது. ஒரு டிராக்டர் கிராங்க் சரியில்லைன்னா அடுத்த வாரமே விவசாயி வாசல்ல வந்து நிப்பார். அதனால லாரி மெக்கானிக்குங்க கிட்ட, "உங்க கிராங்க்கை எங்க கொடுப்பீங்க?"ன்னு மட்டும் கேட்டேன். மூணு பேர் திண்டிவனத்தில ஒரே பட்டறையைக் காட்டினாங்க.

அங்க போய் நான் கேட்ட கேள்விகளை நீங்களும் கேளுங்க. உங்க கார் ஸ்டாண்டர்ட் ஹெரால்டா இருந்தாலும், பிரீமியர் பத்மினியா இருந்தாலும் கேள்விகள் இதேதான்.

ஒண்ணு, அளந்துட்டு ரேட் சொல்வீங்களா, ரேட் சொல்லிட்டு அளப்பீங்களா? ஒவ்வொரு மெயினையும் பின்னையும் ரெண்டு முனையில, ரெண்டு திசையில அளக்கணும். அப்போதான் முட்டை வடிவமா தேய்ஞ்சிருக்கா, ஒரு பக்கம் மட்டும் சரிஞ்சிருக்கான்னு தெரியும். அந்த எண்களை எழுதி வாங்கிக்கோங்க.

ரெண்டு, விரிசல் பார்ப்பீங்களா? காந்தப் பொடி போட்டுப் பார்க்கிற மெஷின் இருக்கு. "எங்கிட்ட இல்லை தம்பி, சென்னைக்கு அனுப்பிப் பார்த்துட்டு வா, அப்புறம்தான் கை வைப்பேன்"னார் பட்டறைக்காரர். அந்தப் பதில்லயே எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு.

மூணு, தண்டு நேரா இருக்கான்னு பார்ப்பீங்களா? வி-பிளாக் மேல வெச்சுச் சுத்தி, டயல் கேஜ்ல பார்க்கிற வேலை.

நாலு, ஓரத்து வளைவை எப்படி விடுவீங்க? பின் முடிஞ்சு பக்கச்சுவர் ஆரம்பிக்கிற மூலை ரவுண்டா இருக்கணும். கூர்மையா வெட்டினா அங்கேதான் விரிசல் தொடங்கி கிராங்க் ஒடியும்.

அஞ்சு, துளையை யார் கழுவுறது? அவர் சிரிச்சார். "நானும் கழுவுவேன், நீயும் வீட்டுக்குப் போய்க் கழுவு. பிரஷ் விட்டு மண்ணெண்ணெயில கழுவி, காத்து அடி."

இன்னொண்ணு, பேரிங் கைக்கு வந்த பிறகுதான் கிரைண்டிங். முப்பது அடிச்சுட்டு முப்பது சைஸ் பேரிங் கிடைக்கலைன்னா கிராங்க் வீணா கிடக்கும். அம்பாசிடர் தயாரிப்பு 2014-லேயே நின்னுடுச்சு. சென்னையில ஜி.பி. ரோடு, புதுப்பேட்டைன்னு அலைஞ்சு, பழைய ஸ்டாக் பெட்டி ஒண்ணு கிடைச்சுது. பெட்டி மேல போட்டிருக்கிற சைஸை நம்பாம, பேரிங் ஓட்டு முதுகில அடிச்சிருக்கிற எண்ணைப் பாருங்க. அதைப் பட்டறையில கொடுத்தா, பேரிங்கை மாட்டி அளந்து, ஆயிலுக்கு விட வேண்டிய இடைவெளியைக் கணக்கு பண்ணிச் சீவுவாங்க. பொதுக் கணக்கு, ஒரு இன்ச் விட்டத்துக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு. 2 இன்ச் மெயினுக்கு ஆயிரத்தில் ரெண்டு.

சென்னையில விரிசல் இல்லைன்னு வந்தது. அவர் ஏழு இடத்தையும் அளந்துட்டு, "மெயினைத் தொடாதே. இருபதுலயே கச்சிதமா நிக்குது. பின் மட்டும் முப்பது போவோம்"னார். மெயினும் பின்னும் ஒரே சைஸா இருக்கணும்னு அவசியம் இல்லைன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அளந்து பார்த்ததால மெயினுக்கு ரெண்டு வாய்ப்பு மிச்சமாச்சு. பின்னுக்கு ஒண்ணு இருக்கு.

போன மாசம் இன்ஜினை மாட்டி, ஸ்டார்ட் பண்ணினோம். அப்பா பானெட்டுல கையை வெச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னார். அப்புறம், "டேப்பெட் கொஞ்சம் லூஸா இருக்குடா, பாரு"ன்னார். கிராங்க்கைப் பத்தி ஒரு வார்த்தை பேசல.