நெஞ்சு வலி இல்லை, படபடப்பு இல்லை... ஆனால் இசிஜியில் துடிப்பு தப்புகிறது. கவலைப்பட வேண்டுமா?

ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர், ஹெர்னியா ஆபரேஷனுக்காகக் காவிரிப் பாலம் தாண்டி திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என வைத்துக்கொள்வோம். வழக்கம்போல இசிஜி எடுக்கிறார்கள். துடிப்பு ஒழுங்காக இல்லை. அவரைக் கேட்டால், "எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்கிறார். அங்கேதான் சிக்கல்.

இது என்ன?

இதன் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏ.எஃப். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கும். அப்போது ரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். ஏ.எஃப் இருந்தால் பக்கவாத அபாயம் சுமார் 5 மடங்கு. சிலருக்கு முதல் அறிகுறியே பக்கவாதம்தான்.

வயதானவர்களுக்கு மட்டுமா?

இல்லை. இந்திய இதயத் துடிப்பு சங்கம் 1,537 ஏ.எஃப் நோயாளிகளின் விவரங்களைத் திரட்டியது. சராசரி வயது சுமார் 55. கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, ரூமாட்டிக் காய்ச்சலின் விளைவாக இதய வால்வு கெட்டிருந்தது. சிறுவயதுத் தொண்டைத் தொற்றில் தொடங்கும் பாதிப்பு அது.

ஏன் தெரியாமல் போகிறது?

ஏ.எஃப் பலருக்கு வந்து வந்து போகும். இசிஜி பதிவதோ சில விநாடிகள். காரணம் தெரியாத பக்கவாதம் வந்தவர்களிடம் கனடாவில் நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. ஒருநாள் கண்காணிப்பில் 100-க்கு 3 பேரிடம் ஏ.எஃப் தெரிந்தது. 30 நாள் கண்காணித்தபோது 16 பேரிடம்!

ஆபரேஷன் அல்லது கடும் தொற்றின்போது வரும் ஏ.எஃப், வீடு திரும்பும் முன்பே மறையலாம். 'அதான் சரியாயிடுச்சே' என்று விட்டுவிடக் கூடாது. மறுபடி வரலாம்.

என்ன செய்யலாம்?

* டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள். இசிஜியை போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

* ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை வேண்டுமா எனக் கேளுங்கள். எல்லோருக்கும் தேவைப்படாது. வயது, பிபி, சர்க்கரை, ரத்தக்கசிவு அபாயம் எல்லாம் பார்த்து டாக்டர் முடிவெடுப்பார். ஆஸ்பிரின் இதற்கு மாற்று இல்லை. நீங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

* அப்பா, அம்மாவின் மணிக்கட்டில் ஒரு நிமிடம் நாடி பாருங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் பிபி பார்க்க வீட்டுக்கு வந்தால், நாடியையும் பார்க்கச் சொல்லலாம். தாறுமாறாக இருந்தால் இசிஜி எடுங்கள்.

* வாய் கோணல், கை தளர்வு, பேச்சுக் குழறல் திடீரென வந்தால் காத்திருக்காதீர்கள். உடனே 108.